விடுமுறைக் குறிப்புகள்: கரையிலிருந்து வீசும் காற்று

ஐதராபாத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு நீர்ப்பரப்பு என்றால் ஏரிதான். 1562-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பெற்ற ஹுசேன் சாகரைச் சுட்டி, "அப்பா, இதுதான் கடலா?" என்று கேட்காத பிள்ளை நம் சங்கத்துக் குடும்பங்களில் அரிது. 'சாகர்' என்ற பெயரும் அந்த மயக்கத்துக்குத் துணை செய்கிறது. மெய்யான கடலோ இந்நகரத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதும் நாம் என்ன செய்கிறோம்? மணமக்களை வாழ்த்திவிட்டு, இரண்டு கோயில்களைத் தரிசித்துவிட்டு, ஊறுகாய் ஜாடியுடன் வண்டி ஏறிவிடுகிறோம். கோயிலும் திருமணமும் தவிரக் குழந்தைகள் கண்டு மகிழத் தமிழ்நாட்டில் ஓர் இடம் கூறுமாறு அன்பர் சிலர் கேட்டிருந்தனர். சென்ற மே மாதம் நானும் என் மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் மேற்கொண்ட ஒருநாட் கடற்பயணத்தை அவர்களுக்கு விடையாக எழுதுகிறேன். அதில் நான் செய்த பிழையும் அடங்கும்.

இடம், இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, உச்சிப்புளிக்கு அருகிலுள்ள பிரப்பன்வலசை என்னும் கடலோரச் சிற்றூர். சார்மினார் விரைவு வண்டியில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து இராமேசுவரம் வண்டியில் இராமநாதபுரம் சென்று இறங்கினோம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நின்றதிலிருந்து, 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கப்பெறும் வரை, இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தோடு இரயிலை மறக்க வேண்டியிருந்தது. இப்பொழுது அந்தத் தொல்லை இல்லை. ஆதலின் கடற்பயணத்தோடு இராமநாத சுவாமி தரிசனத்தையும் வைத்துக்கொள்ளலாம். என் மனைவி இப்பயணத்துக்கு இசைந்ததே அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான்.

அப்பகுதியின் சிறப்பு யாதெனில், ஒரு நிலத்துண்டுக்கு இருபுறமும் இரண்டு கடல்கள் இருப்பது. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். மீனவர்கள் காலத்துக்கேற்பத் தொழிலையே கரை மாற்றிக்கொள்வதுண்டு. பிரப்பன்வலசை வடகரையில் இருப்பதால் கோடை விடுமுறைக்கு ஏற்றது. மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கீழைக்கடலில் விசைப்படகுகளுக்குத் தடையாதலால், நாட்டுப்படகுகள் சிலவற்றைத் தவிர வேறு ஆரவாரமில்லை.

விடியற்காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வழிகாட்டியாய் வந்தவர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத மீனவ இளைஞர். முதலில் அவர் பேசியது நீச்சலைப் பற்றியன்று, காற்றைப் பற்றி. ஒரு பிடி மணலை அள்ளி மெல்ல விட்டுக் காட்டினார். மணல் கடலை நோக்கிச் சரிந்தது. "இப்ப கம்மியாத்தான் இருக்கு. ஒம்பது மணிக்கு மேல கச்சான் ஏறிரும். அதுக்குள்ள கரையேறிரணும். அந்தா நங்கூரம் போட்டுக் கெடக்குற வத்தையத் தாண்டி யாரும் போகக்கூடாது" என்றார். நானும் தலையை அசைத்தேன். காதில் வாங்கினேனா என்றால், இல்லை. எதிரே கடல் நம் வீட்டுத் தாம்பாளம் போல அசையாமல் கிடந்தது.

பிறகு கருவிகளைக் கொடுத்தார்கள். கண்ணையும் மூக்கையும் ஒருசேர மூடும் கண்ணாடி ஒன்று. 'ஸ்நார்க்கெல்' என்னும் வளைந்த மூச்சுக்குழல் ஒன்று. மிதவைச் சட்டை ஒன்று. குழலின் ஒரு முனையைப் பல்லாற் கடித்துக்கொண்டு, முகத்தை நீரில் கவிழ்த்து, வாயாலேயே மூச்சு விட வேண்டும். கண்ணாடியில் ஆவி படியாதிருக்க அதனுள் எச்சிலைத் தடவிக் கடல்நீரில் அலச வேண்டும் என்றதும் என் மனைவி முகஞ் சுளித்தாள். ஆனால் அதைவிட நல்ல மருந்து இல்லை. மீசை தடித்தவர்களுக்குக் கண்ணாடி நன்கு பொருந்தாமல் நீர் கசியும் என்பதையும் அனுபவத்தில் அறிந்தேன். "குழலை ஆறடி நீளமாகச் செய்தால் ஆழத்துக்கே போகலாமே" என்று மகன் கேட்டான். அஃது இயலாது. அரை மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை நெருக்குவதால் மேலிருந்து காற்றை உள்ளிழுக்க நுரையீரலுக்கு வலிமை போதாது. அதனால்தான் அக்குழல் ஒரு முழத்துக்கும் குறைவாயிருக்கிறது.

இடுப்பளவு நீரில் அரைமணி நேரம் பழகியபின் சற்று அப்பால் அழைத்துச் சென்றார். நீந்தத் தெரியாத என் மனைவி, மிதவைச் சட்டையின் உதவியால், அவர் பிடித்திருந்த வளையத்தைப் பற்றிக்கொண்டு மிதந்தாள். கீழே புல்வெளி! ஆம், கடலுக்குள் புல். மீனவர்கள் அதைத் தாழை என்று வழங்குகின்றனர். பாசி வேறு, இந்தப் புல் வேறு. இதற்கு வேரும் உண்டு, பூவும் உண்டு. இதனை மேய்ந்து வாழும் கடற்பசுவை அவ்வூரார் ஆவுளியா என்கின்றனர். அதைக் காப்பதற்கென்றே இதே விரிகுடாவில், இன்னும் வடக்கே தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை 2022-இல் அரசினர் ஒதுக்கியிருக்கின்றனர். எங்கள் கண்ணுக்கு ஆவுளியா அகப்படவில்லை. ஓரா மீன்கள் கூட்டமாய் மேய்ந்தன. நீர்மட்டத்தை ஒட்டி ஊசி போன்ற முரல்கள் விரைந்தன. நீருக்குள் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்பதை அறியாத மகன், உள்ளங்கையளவு மீனைக் கண்டு வெளியே தலையைத் தூக்கி, "அப்பா, இவ்வளவு பெரிது!" என்று இரு கைகளையும் விரித்தான். விரித்த வேகத்தில் குழல் வாயிலிருந்து நழுவி, ஒரு மிடறு உப்புநீர் குடித்தான். சில இடங்களில் பவளப்பூச்சிகள் கட்டிய சிறு திட்டுகளும் இருந்தன. அவற்றைத் தொடலாகாது, காலூன்றலாகாது. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தால் வெளுத்துத் தப்பிப் பிழைத்தவை நம் குதிகாலால் சாக வேண்டுமா? சட்டமும் 2001 முதல் பவளத்துக்குப் புலிக்குரிய காப்பையே அளித்திருக்கிறது. ஆகவே நினைவுக்கு ஒரு துண்டு எடுத்து வரும் ஆசை வேண்டா.

இளைப்பாறும்போது அவ்விளைஞர் தம் அத்தையைப் பற்றிச் சொன்னார். பாம்பன் பக்கத்துத் தீவுகளை ஒட்டி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுள் அந்த அம்மையாரும் ஒருவர். கண்ணாடி உண்டு, குழல் இல்லை, மிதவை இல்லை. பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலையின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை அணிந்து அலையில் இறங்குவார்களாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. அதுமுதல் தீவருகே பாசி எடுத்தல் குற்றம். அவர்களோ மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடும் விதித்துக்கொண்டவர்கள். பவளம் காக்கப்பெற வேண்டுவதே; அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதே கண்ணாடியைக் கட்டணம் கொடுத்து மாட்டிக்கொள்ளும் எனக்கு அலுவலர் வணக்கம் சொல்வதும், வயிற்றுப்பாட்டுக்கு மாட்டிக்கொள்ளும் அம்மையார் அதே அலுவலருக்கு அஞ்சி ஒதுங்குவதும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. அன்று குடித்த தேநீர் இனிக்கவில்லை.

அடுத்தது கயாக்கு ஓட்டுதல். வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள் வேட்டைக்காக மரச்சட்டத்தில் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்திச் செய்த ஒடுங்கிய தோணியே இதன் மூலம். இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். இருபுறமும் அகப்பையுடைய ஒரே துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இருவர் ஏறும் படகில் வலியவர் பின்னே அமர்ந்து திசை பார்க்க வேண்டும். மகன் முன்னே, நான் பின்னே. வழிகாட்டி தனிப்படகில். இன்னும் மூன்று குடும்பத்தார் உடன் வந்தனர்.

ஹுசேன் சாகரில் மிதிபடகு ஓட்டிய வீரம் என்னுள் தலைதூக்கியது. நாலு தள்ளுத் தள்ளியதும் படகு அம்புபோல் சென்றது. "அப்பா, எல்லோரையும் முந்திவிட்டோம்!" என்றான் பையன். தந்தைக்கு இதைவிட வேறென்ன மது வேண்டும்? குறித்த வத்தையைத் தாண்டினோம். அப்பால் தெரிந்த ஒரு வெள்ளை மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது என்று நானே முடிவு செய்தேன். என் புஜபலத்தை எண்ணி நானே வியந்துகொண்டிருந்தேன். முதுகில் காற்று தள்ளிக்கொண்டிருந்ததை மட்டும் எண்ணவில்லை.

திரும்பியபோதுதான் தெரிந்தது. முகத்தில் அறைந்தாற்போல் காற்று. பத்து நிமிடம் துடுப்புப் போட்டேன். கரையிலிருந்த தென்னைகள் அதே அளவில் நின்றன. இன்னும் பத்து நிமிடம். தென்னைகள் சற்றே சிறுத்திருந்தன. இளைத்து ஒரு கணம் கையை நிறுத்தினால் படகு குறுக்கே திரும்பிவிடும். பையன் பேச்சை நிறுத்திவிட்டான். நான் அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தோள்கள் மட்டும் விறைத்திருந்தன. அவன் தாய்க்கு நான் என்ன விடை சொல்வேன் என்ற எண்ணம் ஒன்றே என் உள்ளத்தில் சுழன்றது.

மற்றவர்களைக் கரையேற்றிவிட்டு அந்த இளைஞர் வந்தார். ஒரு கயிற்றை எங்கள் படகின் மூக்கில் மாட்டினார். "அண்ணே, நீங்க துடுப்ப மடியில வச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காருங்க, காத்து பிடிக்காம இருக்கட்டும். தம்பி, நீ மட்டும் மெதுவாப் போடு. அவசரமில்ல" என்றார். அவ்வளவே. ஒரு கடுஞ்சொல் இல்லை. நேரே கரைக்கு இழுக்காமல், காற்றுக்குச் சாய்வாக இழுத்துச் சென்று, அரைமணிக்கு மேலாகி, புறப்பட்ட இடத்துக்கு வெகுதூரம் தள்ளிக் கரை சேர்த்தார்.

அங்கே மணலில் உட்கார்ந்துதான் நான் காலையில் கேளாத பாடத்தைக் கேட்டேன். வடகரையில் கச்சான் வீசும்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் தென்னையும் மேடும் காற்றை மறைப்பதால் நீர் ஆடுவதில்லை. பார்ப்பவனுக்கு அது குளம். நூறு பாகம் தள்ளிப் போனால் மறைப்பு இல்லை. காற்று படகைக் கவ்விக்கொள்ளும். அலை எறியும் கடலோ உன்னைக் கரைக்கே திருப்பித் தள்ளும்; அமைதியாய்க் கிடக்கும் இந்தக் கடல்தான் கொண்டுபோகும். ஆதலின் காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்றோடு திரும்ப வேண்டுமேயன்றி, என்னைப் போல மாறிச் செய்யலாகாது.

அப்பாடத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை. என் மகனுக்குச் சொன்னார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம், இந்தப் பக்கத்தில் தென்மேற்கு கச்சான் என்று மணலில் கோடு கிழித்துக் காட்டினார். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம், நல்லதுமாகும். ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழை வீட்டில் நான் கற்பிக்க உட்கார்ந்தால் என் மகனுக்கு உடனே தலைவலி வரும். அந்தக் கடற்கரையில் அவன் நாலு காற்றின் பெயரையும் தானே கேட்டு, தானே எழுதினான். 'சோழகம்' என்பதில் ழகரத்தை லகரமாக எழுதியிருந்தான். அன்று நான் திருத்தவில்லை. என் மனைவி இராமநாதபுரம் நிலையத்தில் வண்டி புறப்படும் வரை என்னோடு பேசவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். கட்டணம் பேசுமுன், "இன்று காற்று எப்பக்கம், எத்தனை மணிக்குள் திரும்புவோம், கயிறு கொண்டு வருவீர்களா?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்குகிறவரோடு குழந்தையை அனுப்பாதீர்கள். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை முள்ளுக்கு அஞ்சி, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். சொறி மிதக்கும் நாளில் நீரில் இறங்காதிருப்பதே மேல். முழுக்கைச் சட்டை அவசியம். கவிழ்ந்து மிதக்கையில் பிடரியும் முதுகும் வெந்துபோவது தெரியவே தெரியாது. துடுப்புப் போட விருப்பமில்லாத முதியவர்கள், தொண்டிக்குத் தெற்கேயுள்ள காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்தும் படகில் ஏறி அலையாத்திக் காட்டைக் காணலாம். சமையல் அவ்வூர்ப் பெண்களுடையது.

தசரா விடுமுறையில் போக எண்ணுவோர் ஒன்றைக் கருத வேண்டும். அப்போது கச்சான் ஓய்ந்து வாடைக்கு முன்னோட்டம் தொடங்கும்; எந்தக் கரை ஏற்றது என்பதை அங்குள்ளவர்களைத் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே சீட்டு வாங்கவும். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்னரே தொடங்குகிறது. ஆதலால் ஆடி மாதத்திலேயே நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது நன்று. விடிந்ததும் முதல் ஆளாய்ச் சாளரத்தில் வந்து நிற்கும் நம் சங்கத்து அன்பர்களை நான் அறிவேன்.