மில் ஓடும்போது படம் எடுங்கள்

திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் மின் பராமரிப்பு பார்ப்பவன் நான். காப்பீட்டுக்கு அறிக்கை வேண்டுமென்று வருடத்துக்கு ஒருமுறை தெர்மல் கேமராவோடு வெளியாள் வருவார். உற்பத்திக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவரை வார விடுமுறையில் வரச் சொல்வார்கள். பாதி ரிங் பிரேம் நின்றிருக்கும். பேனல் பேனலாகப் படம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

லூஸ் கனெக்‌ஷனில் கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். முழு லோடில் பக்கத்து பேஸைவிட 40 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் லக் (கேபிள் முனை இணைப்பு), பாதி லோடில் ஏறக்குறைய 10 டிகிரிதான் காட்டும். கால்வாசி லோடில் தப்பித்தே விடும். பஞ்சுத் தூசி படியும் இடத்தில் அந்த லக்கை விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்று மில்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஹியுமிடிட்டி பிளான்ட் பேனல் ஒன்றில், மில் முழு ஓட்டத்தில் இருக்கும்போது பார்த்தோம். ஒய் பேஸ் லக் மட்டும் 90 டிகிரியைத் தாண்டியிருந்தது; மற்ற இரண்டும் 50-ஐ ஒட்டி. கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸிலும் கரண்ட் ஒன்றுதான். அப்படியானால் மோட்டாரில் குறையில்லை, இணைப்பில்தான். மின்சாரத்தை நிறுத்திக் கழற்றினால், செம்பு பஸ்பாரில் அலுமினிய லக்கை நேராக வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இதை இன்னும் இறுக்கினால் தீராது. அலுமினியம் நசுங்கி மறுபடியும் தளரும். பைமெட்டாலிக் லக் மாற்றி, டார்க் ரெஞ்சில் அளவாக இறுக்கி, அதே லோடில் மறுபடி படம் எடுத்தபோது மூன்று பேஸும் சமமாக வந்தன. அந்த இரண்டாவது படம் இல்லாமல் வேலை முடிந்ததாக நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேமரா ஏமாற்றவும் செய்யும். பளபளக்கும் செம்பு தன் வெப்பத்தை அதிகம் வெளிவிடாது. கொதிக்கும் பஸ்பாரும் குளிர்ந்ததாகத் தெரியும். ஷட்டவுனில் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவைத்தால் சரியான அளவு கிடைக்கும். அக்ரிலிக் மூடிக்குப் பின்னால் இருப்பதைக் கேமரா பார்க்கவே பார்க்காது. ஆனால் அதற்காக ஓடும் பேனலைத் திறப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இல்லாதவர் கை வைக்கக் கூடாது. முக்கியமான பேனல்களில் அகச்சிவப்பு ஜன்னல் பொருத்திவிட்டால் கதவைத் திறக்காமலே பார்க்கலாம்.

மின் பராமரிப்புக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 70பி, 2023-ல் வெறும் பரிந்துரையாக இல்லாமல் தரநிலையாகவே ஆனது. வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனை வேண்டும் என்கிறது. பஞ்சாலைக்கு அது போதாது என்பேன். பேனலின் குணம் தெரிந்த சொந்த எலக்ட்ரீஷியன் கையில் கேமரா இருக்க வேண்டும். தனியாக வாங்க முடியாத சிறு மில்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்கலாம். வெளியாளைத்தான் அழைப்பீர்கள் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்த நேரத்து ஆம்பியரை எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.