கண்டதோ, கேட்டதோ?

"கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் முதுமொழியை மாணாக்கர்க்கு முப்பது ஆண்டுகளாக விளக்கி வருபவன் யான். ஆயினும், அதன் பொருளை யானே உணர்ந்தது பின்னாளிலேதான். அது நிகழ்ந்தவாற்றைக் கூறுமுன், செய்தித்தொழில் நம் வாவிக்கரையில் அடைந்துள்ள மாற்றத்தைச் சிறிது நோக்குவோம்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபொழுது யான் சிறுவன். தென்னைகள் வேரொடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, கம்பித் தொடர்புகள் அறுந்தன. எங்கள் துயரம் கொழும்பை எட்டவும், கொழும்பில் அச்சான பத்திரிகை எங்களை எட்டவும் நாட்கள் பல சென்றன. வந்த பத்திரிகையில் எங்கள் சிற்றூரின் பெயர் இல்லையே என்று தந்தையார் வருந்தியதை இன்றும் மறந்திலேன். ஆனால், அதில் அச்சேறியிருந்தவற்றை அவர் ஐயுற்றாரல்லர். பழைய செய்தித்தொழிலின் குறையும் நிறையும் இவ்விரண்டனுள் அடங்கும். தொலைவில் உள்ளார் குரல் அதில் எளிதில் ஏறாது. ஏறுவதற்கு முன் பலர் கைப்பட்டு ஆராயப்படும்.

அக்குறையை நீக்க வந்தது இணையம். 1997 இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியராக விளங்கிய 'தராக்கி' தர்மரத்தினம் சிவராம் நம் மட்டக்களப்பிற் பிறந்தவர். மாகாணச் செய்தியாளர் அனுப்பிய செய்திகளை அத்தளத்தின் வாயிலாக உலகம் அன்றன்றே படித்தது. அது ஒருபக்கச் சார்புடையதென்று குறை கூறினாரும் உளர். எனினும், சிற்றூரில் நிகழ்ந்தது தலைநகர ஆசிரியபீடத்தின் தயவின்றியே உலகறியலாகும் என்பதை அது மெய்ப்பித்தது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையின்போது வலைப்பதிவு எழுதுவோர் தாம் கண்ட அழிவை உடனுக்குடன் பதிந்தனர். 2006 இல் கிரவுண்ட்விவ்ஸ், 2014 இல் தமிழில் மாற்றம் என்னும் தளங்கள், பத்திரிகையாளர் அல்லாத குடிமக்களும் பொதுச்செய்தி எழுத இடந்தந்தன.

இம்மாற்றத்துக்கு இடையே நம்மவர் ஈந்த விலை சிறிதன்று. வீரகேசரியின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 இல் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்ட சிவராமின் உடல் மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் கிடந்தது. ஒருவர் தாளில் எழுதியவர். மற்றவர் இணையத்திலும் எழுதியவர். கருவி வேறாயினும் தொழில் ஒன்றே. எழுதியவர் இன்னார் என்பது ஊரறிந்தது. எழுதியதற்கு விடைகூற நின்றவரும் அவரே.

அடுத்துப் பரவிய சமூக ஊடகம் இப்பிணைப்பையே அறுத்துவிட்டது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி நூறு கைகளைக் கடந்து வரும்பொழுது, முதலில் எழுதியவர் யார் என்பது மறைகின்றது. கடத்தியவர் எவரும் தம்மைப் பொறுப்பாளியாகக் கருதுவதில்லை. முகநூல் முதலியன வாசகர் தம்மிடம் நெடிது தங்குதலாலேயே விளம்பர ஊதியம் பெறுவன. ஆதலின், சினமும் அச்சமும் ஊட்டும் செய்தி அவற்றில் முந்தி நிற்கின்றது.

இதன் பயனை நம் கிழக்கு மாகாணமே கண்டது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரையை உணவிற் கலப்பதாக வதந்தி எழுந்தது. அச்சுறுத்தலுக்கிடையே பெறப்பட்ட ஒப்புதல் ஒன்று காணொளியாகப் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது, அப்பொருள் வெறும் மாக்கட்டியே என்று தெரிந்தது. அதற்குள் மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டு, அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டு, சமூக ஊடகங்களும் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு நிகழ்ந்தவற்றில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் வருத்தந் தெரிவித்தது 2020 இலேதான். மாக்கட்டி மாத்திரையன்று என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. மாத்திரையென்று பரப்ப ஒரு விரல் போதுமாயிருந்தது.

பிறரைக் குறைகூறுதல் எளிது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நம் நகரின் சியோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலரும் மாண்டனர். அன்று விதிக்கப்பட்ட சமூக ஊடகத் தடை நீங்கிய சின்னாட்களில், அயலூர் ஒன்றின் கிணறுகளில் நஞ்சு கலக்கப்பட்டதாக எனக்கொரு வட்ஸ்அப் செய்தி வந்தது. அச்சத்தால் அறிவிழந்த யான் அதனை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினேன். அவ்வயலூரைச் சேர்ந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவரும் அக்குழுவில் இருந்தார். அவர் சினந்தாரல்லர். "பண்டிதர் ஐயா, இது நீங்கள் கண்டதோ, கேட்டதோ?" என்று மட்டும் எழுதினார். கண்டதுமன்று, கேட்டதுமன்று. எவரோ எழுதியதை என் பெயரால் அனுப்பியிருந்தேன்! பண்டிதர் அனுப்பினார் என்பதற்காகவே அதனை நம்பி மேலும் பரப்பினர் சிலர் என்று பின்னர் அறிந்து நாணினேன்.

இந்நோய்க்கு மருந்தாக அரசு கொணர்ந்தது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய்க்கூற்று என்பதைத் துணியும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் அது ஒப்புவிக்கின்றது. பொய்யனை அஞ்சுவிக்க எழுந்த கோல் மெய்யனையும் அஞ்சுவிக்குமாயின், நடேசனையும் சிவராமையும் இழந்த மண்ணில் எழுதுவார் இன்னும் அருகுவர்.

பின் செய்யத்தக்கது யாது? நம் புலவர் மரபிலேயே விடையுண்டு. அச்சுப்பொறி பரவிய காலத்திலும் எவரும் எதனையும் அச்சிடலாம் என்னும் நிலை இருந்தது. அக்காலத்தில் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், கைக்கு எட்டிய ஏட்டை அவ்வாறே அச்சிட்டு அமைந்தாரல்லர். ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி, தக்கதைத் துணிந்து, அதற்குத் தம் பெயரைப் பொறுப்பாக்கினர். இன்றைய பத்திரிகையாளர்க்கும் இதுவே பணி. செய்தியை முதலிற் சொல்லும் உரிமையைத் தெருவில் நிற்கும் இளைஞனின் கைத்தொலைபேசி பறித்துவிட்டது. ஒப்புநோக்கித் துணிந்து சொல்லும் கடமையை எவரும் பறித்திலர். முந்தவேண்டும் என்னும் அவாவால் முகநூலை அவ்வாறே படியெடுக்கும் பத்திரிகை, தனக்கு எஞ்சியுள்ள அவ்வொன்றையும் தானே கைவிடுகின்றது. எழுதும் செய்தியின் எண்ணிக்கைக்கே கூலி பெறும் ஊர்ச் செய்தியாளர்க்கு, விசாரிப்பதற்கான காலத்துக்கும் ஊதியம் வேண்டும் என்பதைப் பத்திரிகை உடையோர் உணர்வாராக.

ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு. செய்யுளிற் பாடபேதம் காணக் கற்பிக்கும் நாம், கைத்தொலைபேசிச் செய்தியிலும் மூலம் யாது, படி யாது என்று வினவக் கற்பித்தல் வேண்டும். என் வகுப்பில் இப்பொழுது எவன் செய்தி கொணரினும், ஏனை மாணாக்கர் ஒருமித்து எழுப்பும் வினா ஒன்றுண்டு. அஃது அந்த முஸ்லிம் ஆசிரியர் எனக்குக் கற்பித்தது: கண்டதோ, கேட்டதோ?