உள்ளே போக ஒரு கதவு, வெளியே வரக் கதவே இல்லை!
செல்போன் விளையாட்டுக் கம்பெனிகளின் பகற்கொள்ளை

சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்குப் போகாத தொழிலாளி நம் பக்கத்தில் அபூர்வம். பேரருவியில் தலையைக் கொடுக்கிறோம். அங்கே மில் தொழிலாளியும் மிராசுதாரும் ஒரே தண்ணீரில்தான் நனைகிறார்கள். திரும்பி வரும் வழியில், கடைத்தெருவில் வளையம் எறிகிற கடை இருக்கிறது. காசு கொடுத்தால் நாலு வளையம். விழுந்தால் ஒரு சோப்புப் பெட்டி. விழாவிட்டால் காசு போயிற்று.

அதுவும் சூதுதான். அதை நாம் மெச்சவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரன் ஒரு காரியம் செய்வதில்லை. "முதலில் ஐந்நூறு ரூபாயை என்னிடம் கட்டு. பதிலுக்கு என் கடைச் சீட்டைத் தருகிறேன். சீட்டு மீந்தால் ரூபாயாகத் திருப்பிக் கேட்காதே" என்று அவன் சொல்வதில்லை. சொல்லிப் பார்க்கட்டும், அங்கேயே நாலு பேர் அவன் சட்டையைப் பிடிப்பார்கள்!

எந்தக் கடைக்காரனும் சொல்லத் துணியாத இந்த வார்த்தையைத்தான் செல்போன் விளையாட்டுக் கம்பெனிகள் கோடிக்கணக்கான ஜனங்களிடம் தினமும் சொல்கின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வாலட்டில் பணம் ஏற்றுதல்', 'டாப்-அப்'. யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. பிடிப்பதற்குச் சட்டையே கண்ணில் படுவதில்லை!

வைரம் என்று பெயர், வெறும் எண்!

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் ஒரு தாயின் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இலையாக வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டினால்தான் ஆயிரம் பீடி. அதை எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. அந்தக் கூலி பாங்கிக் கணக்கில் விழுகிறது. பாங்கிக் கணக்கு செல்போனில் இருக்கிறது. செல்போன் மகன் கையில் இருக்கிறது. ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கு அரிசிக் கடையில் பணம் அனுப்பிக் கொடுப்பவனே அவன்தானே!

"ஏலே, ரூவா எங்கல போச்சு?" என்று தாய் கேட்கிறாள்.

"வைரம் ஏத்துனேம்மா" என்கிறான் பையன்.

என்ன வைரம்? கையில் பிடிக்க முடியாத வைரம். அடகுக் கடையில் வைக்க முடியாத வைரம். கம்பெனியின் யந்திரத்தில் ஓர் எண், அவ்வளவுதான். அதைக் கொண்டு திரையில் ஆடும் பொம்மைக்குச் சட்டை வாங்கலாம், துப்பாக்கிக்கு வர்ணம் பூசலாம்.

ரூபாயை ஏன் வைரமாக மாற்றச் சொல்கிறார்கள்? பையனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காகத்தான். 'சட்டை முந்நூறு ரூபாய்' என்றால் பீடிக்காரியின் மகன் திடுக்கிடுவான்; 'சட்டை இத்தனை வைரம்' என்றால் திடுக்கிட மாட்டான். வைரத்தையும் மூட்டை மூட்டையாகவே விற்கிறார்கள். வாங்கின மூட்டைக்கும் வேண்டிய சட்டைக்கும் கணக்குச் சரியாக வராது. கொஞ்சம் மீதி நிற்கும், அல்லது கொஞ்சம் குறையும். அந்த மீதியும் குறைவும்தான் அடுத்த தடவை பணம் ஏற்ற வைக்கும் தூண்டில்.

டோக்கன் கூலி திரும்பி வந்தது!

இது புதிய தந்திரமா? இல்லை. முதலாளித்துவத்தின் பழைய தந்திரம், புதிய சட்டை போட்டு வந்திருக்கிறது.

பிரிட்டனில் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் கூலியை நாணயமாகக் கொடுக்காமல் டோக்கனாகக் கொடுத்தார்கள். அந்த டோக்கன் அதே முதலாளியின் கடையில் மட்டும் செல்லும். மாவில் கலப்படமா, விலை இரட்டிப்பா, கேட்பதற்கில்லை. வேறு கடை ஏது? தொழிலாளர்களின் கொதிப்பைக் கண்டு 1831ல் அங்கே இதற்கு எதிராக 'டிரக்' சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 1936ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலியைச் செல்லுபடியாகும் நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்க வேண்டும் என்று விதித்தது.

அந்தக் கூலிக்காக நம் முன்னோர் சும்மாவா நின்றார்கள்? 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் துணைக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துதான் கூலியை உயர்த்தினார்கள். அப்படிப் போராடிப் பெற்ற நல்ல ரூபாயை இன்று நம் பிள்ளைகளே கம்பெனி டோக்கனாக மாற்றிக் கொள்கிறார்கள். அன்று முதலாளி டோக்கனைத் திணித்தான். இன்று நம்மையே கேட்டு வாங்க வைக்கிறான். வித்தியாசம் இவ்வளவுதான்!

காவல்காரன் எங்கே? ஒரு கம்பெனி தன் சரக்குக்கு மட்டும் செல்லும்படி வெளியிடும் பணத்தை 'மூடிய முறை' என்று ரிசர்வ் பாங்கி வகைப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட பணத்தை வெளியிட ரிசர்வ் பாங்கியின் அனுமதி தேவையில்லை! மூடிய பெட்டி என்று சர்க்காரே ஒப்புக்கொள்கிறது. பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை.

ரம்மி சொல்லிக் கொடுத்த பாடம்

ஆன்லைன் ரம்மியின் கதையைத் தமிழ்நாடு மறக்க முடியாது. கடன் வாங்கிப் பணம் ஏற்றித் தோற்று உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீடுகளில் இன்னும் கண்ணீர் காயவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் ஐகோர்ட் ரத்து செய்தது. 2022ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை தந்தது. அக்டோபரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சபை மறுபடி நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் ரம்மியும் போக்கரும் 'திறமை ஆட்டம்' என்று ஐகோர்ட் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது.

'திறமை' என்ற இந்தக் கேடயம் எங்கிருந்து வந்தது? கிளப்பில் நேருக்கு நேர் உட்கார்ந்து சீட்டாடியவர்கள் விஷயத்தில் 1967ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பிலிருந்து. எதிரே இருப்பவன் முகமே தெரியாத, சீட்டைக் கலைப்பவன் யாரென்றே தெரியாத யந்திர ஆட்டத்துக்கு அந்தத் தீர்ப்பைக் கம்பெனிகள் குடையாகப் பிடித்தன!

டில்லி சர்க்கார் என்ன செய்தது? 2023 அக்டோபர் முதல், இந்த ஆட்டங்களில் கட்டும் முழுப் பணத்துக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. விதித்தது. தொழிலாளி நூறு ரூபாய் ஏற்றினால் சுமார் 22 ரூபாய் வரிக்கே போயிற்று. அந்த ஓட்டையைக் கம்பெனிகள் 'போனஸ்' போட்டு மூடின. போனஸைக் கொடுத்து யாராவது அரிசி வாங்க முடியுமா? கம்பெனிக்கு ஒரு பங்கு, கஜானாவுக்கு ஒரு பங்கு, தொழிலாளிக்குப் பட்டை நாமம்!

கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகப் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. 45 கோடிப் பேர் வருஷத்துக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று சர்க்காரே அப்போது மதிப்பிட்டது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கு 2 வருஷம் வரை சிறை. ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை இல்லை, அது நியாயம். இந்தச் சட்டத்தை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். திரும்பப் பணம் வரும் என்று ஆசை காட்டுகிற ஆட்டத்தைத்தான் அது தடுக்கிறது. திரும்பப் பணம் வரவே வராது என்கிற வைர வியாபாரத்தை அது தடுக்கவில்லை. ரம்மிக்காரனாவது எப்போதோ ஒரு தடவை பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்தான். இவன் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆகவே இது 'பொழுதுபோக்கு'!

"யார் உன்னை ஏற்றச் சொன்னது?"

கம்பெனிகளின் வக்கீல்கள் இப்படித்தான் கேட்பார்கள். நம்மில் சிலரும் கூட, "பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவள்" என்று அந்தத் தாயையே ஏசுகிறார்கள். தோழர்களே, அந்த ஏச்சு முதலாளியின் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்தது!

ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி மீது அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. ஒரே ஒரு பொத்தான் பட்டாலே பணம் போகும்படி அமைத்தார்கள், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளிடம் வசூலித்தார்கள், ஆட்சேபித்தவர்களின் கணக்கை முடக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர் ஆடியவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அமெரிக்கத் தாய்மார்கள் எல்லாருக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையா? உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி'யைப் பெல்ஜியம் 2018லேயே சூது என்று அறிவித்தது. அங்கே சூது, இங்கே பொழுதுபோக்கா?

திருப்பித் தர யந்திரத்துக்கு வழியில்லை என்பதும் பொய். ஸ்டீம் என்ற அமெரிக்க விளையாட்டுக் கடை, தன்னிடம் நேரில் ஏற்றிய பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் 14 நாளுக்குள் திருப்பிக் கேட்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. ஒருவனால் முடிவது மற்றவனால் ஏன் முடியாது? 14 நாளில் முடிவது 60 நாளில் ஏன் முடியாது?

நாம் கேட்பது இதுதான்

1. செலவழிக்காத பணத்தை ரூபாயாகத் திருப்பித் தருவதைச் சட்டப்படி கட்டாயமாக்கு!

2. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஏற்றிய பணத்தைப் பெற்றோர் கேட்டவுடன் திருப்பிக் கொடு! மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே தீர்ப்பு இருக்கிறது.

3. வைரம், நாணயம் என்ற மறைப்பு வேண்டாம். ஒவ்வொரு சரக்குக்கும் ரூபாயில் விலை போடு!

4. அதிர்ஷ்டப் பெட்டியைத் தடை செய்!

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கூலி விழும் கணக்கின் ரகசிய எண்ணை மாற்றுங்கள். பணம் போனது தெரிந்தால் பையனை அடித்து நேரத்தைப் போக்காதீர்கள். கூகுள் பிளே வழியாகப் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேளுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915, மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பேசத் தெரியாதவர்களுக்காகச் சங்கத்தில் படித்த வாலிபர் ஒருவர் பேசட்டும். ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட கணக்குகளைச் சேர்த்து எழுதி, கலெக்டர் முன் வையுங்கள்.

பிள்ளை விளையாடட்டும். விளையாட்டு அவன் உரிமை. ஆனால் ஒரு தாய் ஆயிரம் தடவை நூல் கட்டிச் சேர்த்த கூலி, கதவில்லாத பெட்டிக்குள் விழக்கூடாது. அந்தப் பெட்டிக்கு வெளிக்கதவு வைக்கும்வரை கம்பெனியையும் சர்க்காரையும் நாம் விடப்போவதில்லை!