கல்யாண ஆல்பத்தில் சொந்தபந்தம் எங்கே?

என் இணையர் அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்றவர். என்னை அழைத்துக்கொள்ள ஐ-130 மனு போட்டார். திருமணம் போலியல்ல என்று நாங்கள்தான் காட்ட வேண்டும். “இரண்டு குடும்பமும் நிற்கிற போட்டோ இல்லையா?” என்றார் வழக்கறிஞர். இல்லை. எங்களுடையது சாதி மறுப்புச் சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தப்படி புரோகிதர் வேண்டாம், நண்பர்கள் முன்னிலையே போதும். ஆனால் விசா கோப்புக்குப் போதவில்லை! சொந்த சாதியில் பெண்ணை இரண்டே முறை பார்த்துக் கட்டியவரிடம் ஐந்நூறு பேர் நிற்கும் ஆல்பம் இருக்கும். அது ‘உண்மையான’ திருமணம். குடும்பத்தை எதிர்த்துச் சேர்ந்தவர்கள்தான் கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்க்க வேண்டும். கடைசியில், “நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கிறோம்” என்று அவருடைய அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தோம்.