சாகிறவனுக்கு வைத்தியம் வேண்டாமா?

புதுச்சேரியில் வைத்தியக் கல்வி நேற்று முளைத்ததல்ல. பிரெஞ்சுக்காரர் 1823ல் வைத்தியப் பள்ளி வைத்தார்கள். அதன் வழியில் 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியும், 1964ல் ஜிப்மரும் வந்தன. இவ்வளவு பழமையுள்ள ஊரிலிருந்து நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். தீராத நோயில் கிடந்து துடிக்கிறவனுடைய வலியைத் தணிக்க நமது மாணாக்கர்கள் கற்கிறார்களா, அல்லது பரீட்சை எழுத மாத்திரம் கற்கிறார்களா?

2019ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இவ்விஷயம் சேர்க்கப்பட்டது. சந்தோஷமே. ஆனால் கற்றதை அளப்பது எப்படி? வகுப்புக்கு முன் பத்துக் கேள்வி, பின் அதே பத்துக் கேள்வி என்றால் ஞாபகசக்தி கூடியது தெரியும்; வேறொன்றும் தெரியாது. புராணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவனை நாம் அறிவாளி என்கிறோமா? மாணாக்கனை நோயாளியின் கட்டிலண்டை நிறுத்துங்கள். வலி எவ்வளவு என்று கேட்டானா? மார்பின் அளவைச் சரியாகக் கணக்கிட்டானா? அதனால் மலச்சிக்கல் வருமென்று அதற்கும் மருந்து சேர்த்தானா? உண்மையை மறைக்காமல், மனம் நோகாமல் சொன்னானா? மறுநாள் போய்ப் பார்த்தானா? இதுவே பரீட்சை.

மார்பின் பற்றிய சட்டம் 2014ல் தளர்த்தப்பட்டது. பயம் தளர வேண்டாமா? உலகத்தில் இச்சிகிச்சை தேவையானவர்களில் 100க்குச் சுமார் 14 பேருக்கே அது கிடைப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. மற்றவர்களுக்கு நம் நாட்டில் கிடைப்பது, "கர்மபலன், அனுபவித்துத் தீர்" என்கிற உபதேசந்தான். தோழர்களே! வலி விதியின் வேலையல்ல, உடம்பின் வேலை. அதற்கு மருந்துண்டு. மருந்திருந்தும் கொடுக்கத் தெரியாத வைத்தியனுக்கும், விதியென்று விபூதி கொடுக்கிற பூசாரிக்கும், கட்டிலில் கிடக்கிறவன் கண்ணுக்கு என்ன வித்தியாசம்?