வேலை போனவர்களா, ஓய்வு பெற்றவர்களா?

மூன்று கிழவர்கள் ஒரு பழைய குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு மலைச்சரிவில் தலைதெறிக்க சறுக்கி வருவார்கள். 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' என்றால் பலருக்கு ஞாபகம் வருவது இதுதான். 1973 ஜனவரியில் பிபிசியில் ஒரே ஒரு வெள்ளோட்ட நாடகமாக ஆரம்பித்து, 2010 ஆகஸ்டில் முடிந்த சிட்காம். 37 வருஷம், 31 சீசன், 295 எபிசோடு. எல்லாவற்றையும் எழுதியவர் ஒரே ஆள், ராய் கிளார்க். எல்லாவற்றிலும் நடித்தவரும் ஒரே ஆள், கிளெக்காக வந்த பீட்டர் சாலிஸ்.

இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "ரிடையர் ஆன பெருசுகள் அடிக்கிற லூட்டி" என்பார்கள். எனக்கு இந்த ஒரு வரி விளக்கத்தில்தான் சண்டை. ஆரம்பத்தில் அவர்கள் யாரும் ரிடையர் ஆனவர்களே இல்லை!

ஒரு சின்ன கணக்கு போடலாம். முதல் நாடகம் வந்தபோது காம்போவாக நடித்த பில் ஓவனுக்கு வயது 58. சாலிஸுக்கு 51. பிளாமயராக வந்த மைக்கேல் பேட்ஸுக்கு 52. (நடிகர் வயதும் பாத்திரத்தின் வயதும் ஒன்றில்லைதான். ஆனால் திரையில் தெரிந்தது இந்த முகங்கள்தானே.) அன்று பிரிட்டனில் ஆண்களுக்கு அரசு பென்ஷன் வயது 65. ஆக, இவர்கள் பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள் அல்ல. கிளெக் தரைக்கு விரிக்கும் லினோலியம் விற்றவர், ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். பிளாமயர் தண்ணீர் வாரியத்தில் இருந்தவர். காம்போ வேலையே இல்லாமல் அரசு உதவிப் பணத்தில் காலம் தள்ளுகிறவர். நூலகத்திலும் டீக்கடையிலும் பகல் பொழுதை ஓட்டும் மூன்று வேலையில்லாத ஆட்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. நடிகர்களுக்கு வயதானது, பாத்திரங்களுக்கும் வயதானது. வேலை போனவர்கள் எந்த நாளில் ஓய்வு பெற்றவர்கள் ஆனார்கள்? அப்படி ஒரு நாளே கதையில் இல்லை. மாலை இல்லை, கடிகாரப் பரிசு இல்லை, பிரிவு உபசார விழா இல்லை. நாம்தான் மெதுவாக மறந்துபோனோம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம், இரண்டிலும் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஓய்வு என்பது நாம் போய்ச் சேரும் ஒரு வயது. ஆட்குறைப்பு என்பது வேறு யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. முதலாவதற்கு வாழ்த்து சொல்கிறோம், இரண்டாவதற்குக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டாவதை முதலாவதின் பெயரால் கூப்பிட ஆரம்பித்தால் கேள்வி காணாமல் போய்விடும்.

பிரிட்டனில் நிஜமாகவே அப்படி நடந்தது. தொடர் எடுக்கப்பட்ட ஹோம்ஃபர்த், மேற்கு யார்க்‌ஷரின் கம்பளி ஆலைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர். அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலம் அது. 1965இல் வந்த சட்டப்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு வேலை செய்த வருஷங்களைக் கணக்குப் பண்ணி ஒரு தொகை கொடுத்தார்கள். 1977இல் அரசே இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. பென்ஷன் வயதுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே வேலையை விட்டுவிடுங்கள், உதவித்தொகை தருகிறோம், அந்த இடத்தில் வேலையில்லாத ஒருவரை வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1982இல் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது.

பெரியவர் நகர்ந்தால் சின்னவருக்கு இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நாளைக்கு வேலை தேடி வரிசையில் நிற்கப் போகிறவன்தான், ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. எழுந்து போனவர் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லையே. அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ராய் கிளார்க்குக்கு இது நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். எழுத்தாளர் ஆவதற்கு முன் அவர் ராணுவம், போலீஸ், பள்ளிக்கூடம், விற்பனை என்று பல வேலை பார்த்தவர். காம்போவும் கிளெக்கும் நிலையாக இருக்க, மூன்றாவது ஆள் மட்டும் மாறிக்கொண்டே வருவார். அந்த மூன்றாவது ஆட்களைக் கவனியுங்கள். ஃபாகி, முன்னாள் ராணுவம். பர்மா காட்டில் சாகசம் செய்ததாக அளப்பார், உண்மையில் அங்கே பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். சீமூர், முன்னாள் தலைமை ஆசிரியர். இன்னும் எல்லோரையும் மாணவர்களாகவே நடத்துவார். ட்ரூலி, முன்னாள் போலீஸ். தன்னை 'ஸ்காட்லாந்து யார்டு ட்ரூலி' என்றே சொல்லிக்கொள்வார். வேலை போனாலும் பதவி போகவில்லை! பதவியே இல்லாத காம்போதான் மூவரிலும் சந்தோஷமானவர்.

இன்னொன்று. இந்த மூன்றாவது ஆளைக் கதையிலிருந்து வெளியே அனுப்ப கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? 1985இல் ஃபாகி, முட்டைக்கு வண்ணம் பூசும் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார். 1990இல் சீமூர், ஒரு தனியார் பள்ளிக்குத் தற்காலிகத் தலைமை ஆசிரியராகப் போய்விட்டார். இரண்டு தடவையும் 'வேலை கிடைத்துவிட்டது' என்பதுதான் காரணம். ஒரு வேலை வந்து கூப்பிட்டால் இவர்கள் மலையையும் நண்பர்களையும் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஆக, அந்த லூட்டி எல்லாம் அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை, வேறு வழியில்லாமல் செய்தது. சிரிப்புக்கு நடுவில் ஒளித்து வைத்த உண்மை இது.

பெண்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐவி டீக்கடையை நடத்துகிறார். முதலில் கணவர் சிட்டோடு, அந்த நடிகர் 1984இல் இறந்த பிறகு தனியாக. நோரா பேட்டி கையில் எப்போதும் துடைப்பம், வாசல்படியைத் தேய்த்தபடியே இருப்பார். ஆண்களுக்கு ஆட்குறைப்பும் வந்தது, ஓய்வும் வந்தது. இவர்களுக்கு இரண்டும் வரவில்லை. மூன்று பேர் நாள் முழுக்க உட்கார ஒரு டீக்கடை வேண்டுமென்றால், யாரோ ஒருவர் காலையில் அதைத் திறந்தாக வேண்டும் இல்லையா? தொடரைப் பற்றி எனக்குள்ள குறையே, இவர்களை வெறும் சிடுமூஞ்சிகளாகக் காட்டியதுதான். அத்தனை வேலை செய்தால் யாருக்கும் முகம் அப்படித்தான் இருக்கும்.

வேலையில்லாதவர்களாக நடித்தவர்களோ கடைசி வரை வேலை செய்தார்கள். பில் ஓவன் 1999இல் தன் 85வது வயதில் இறக்கும் வருஷத்திலும் நடித்துக்கொண்டிருந்தார். கடைசி சீசன்களில் சாலிஸும், ட்ரூலியாக நடித்த ஃபிராங்க் தார்ன்டனும் 90ஐ நெருங்கிவிட்டார்கள். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு இவர்களுக்குக் காப்பீடு எடுப்பது சிக்கல் என்பதால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் மட்டும் கொடுத்தார்கள். மலையில் ஓட வேறு ஆட்கள் வந்தார்கள். அதுவும் ஒரு வகை ஆட்குறைப்புதான்!

2017இல், 96 வயதில் சாலிஸ் இறந்தபோது, ஹோம்ஃபர்த்துக்குப் பக்கத்தில் அப்பர்தாங் தேவாலயத்தில் பில் ஓவனுக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். வேலை இப்படி ஒரு சிநேகிதத்தையும் கொடுக்கும்.

இன்று பிரிட்டனில் ஆண், பெண் இருவருக்கும் பென்ஷன் வயது 66ஐத் தாண்டிவிட்டது. 2028க்குள் 67 ஆக வேண்டும் என்பது சட்டம். 52 வயதில் ஒருவருக்கு வேலை போனால், 1973இல் பென்ஷனுக்குக் காத்திருக்க வேண்டியது 13 வருஷம். இனி 15 வருஷம். அந்த 15 வருஷத்துக்கு என்ன பெயர் வைப்பது? தயவுசெய்து ஓய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள்.