மருத்துவ வாயிலில் ஆங்கிலத் தாழ்

வட அமெரிக்காவில் மருத்துவம் பயில விழைவாரை வடிகட்டும் எம்கேட் தேர்வு நான்கு பகுதிகளையுடையது. மூன்று, அறிவியல் சார்ந்தன. எஞ்சிய ஒன்றே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்க்குப் பெருந்தடை. 2015-இல் பெயரும் அமைப்பும் மாறிய அப்பகுதியில் 9 உரைப்பகுதிகள், 53 வினாக்கள். காலம் 90 மணித்துளி. மெய்யியல், கலை, வரலாறு, குமுகாயவியல் முதலியனவே பொருள். மருத்துவ அறிவு அங்கு வினவப்படுவதில்லை!

கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகமோ, நான்கனுள் இவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையே கணக்கிற் கொள்கின்றது. ஒந்தாரியோவில் வாழும் ஈழத்தமிழர்தம் பிள்ளைகட்கு இஃது அயலார் செய்தியன்று. அந்நாட்டிலேயே மொன்றியால், இலவால், செர்புரூக்கு ஆகிய பிரெஞ்சுமொழிப் பல்கலைக்கழகங்கள் இத்தேர்வையே கேட்பதில்லை. தம் மொழியில் மருத்துவம் கற்பிப்பார்க்கு ஆங்கிலத் தேர்வு எற்றுக்கு?

ஆயினும் எழுதியாக வேண்டியவர் என் செய்வது? அருஞ்சொற் பட்டியலை நெட்டுருச் செய்வதாற் பயன் சிறிதே. வினாக்கள் நாடுவது உரையாசிரியன் கொள்கையையும், அதற்கு அவன் காட்டும் சான்றின் வலிவையும், அக்கொள்கை பிறிதோரிடத்துச் செல்லுமாற்றையும் ஆகும். நாடோறும் ஓர் உரைப்பகுதியைப் பத்து மணித்துளிக்குள் படித்து விடையிறுத்தபின், அதன் கருத்தைத் தாய்மொழியில் ஒரே வரியில் எழுதிப் பார்க்க. வரி எழவில்லையாயின் உரை விளங்கவில்லை என்க. நூற்பாவுக்குக் கருத்துரை வரைந்து பழகிய தமிழ் மாணவனுக்கு இது புதுமையுமன்று. தவறிய ஒவ்வொரு விடைக்கும், உரையின் எவ்வடி அதனை மறுக்கின்றதெனக் குறித்து வைக்க. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை. ஆதலின் ஒரு வினாவையும் வெறுமனே விடுதல் ஆகாது.